கொலைத் திமிங்கலம் எந்தக் கட்டத்தில் சேரும்?

1. பட்டர்வொர்த் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் செபராங் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். அண்மையில் நடந்த ஓர் அறிவியல் புதிர்ப்போட்டியில் எங்கள் மாணவி ஒருத்தி இரண்டே புள்ளிகளில் முதலிடத்தைத் தவறவிட்டாள். அந்த இரண்டு புள்ளிகளும் ஒரே கேள்வியில் போயின. தாளில் மூன்று கட்டங்கள் வரையப்பட்டு, அவற்றின் மேல் திமிங்கலம், ஓங்கில் (டால்பின்), கடற்பன்றி என்று எழுதப்பட்டிருந்தது. கீழே பத்து விலங்குகளின் பெயர்களும் படங்களும் இருந்தன. ஒவ்வொன்றையும் உரிய கட்டத்தில் சேர்க்க வேண்டும்.

எங்கள் மாணவி கொலைத் திமிங்கலத்தை ஓங்கில் கட்டத்தில் எழுதினாள். விடைத்தாளில் அது திமிங்கலம். வடதுருவக் கடலில் வாழும் வெள்ளை நிறப் பெலுகாவைக் கடற்பன்றிக் கட்டத்தில் எழுதினாள். விடைத்தாளில் அதுவும் திமிங்கலம். முதல் விடைக்காக முறையீடு செய்யலாம் என்று எண்ணுகிறேன். இரண்டாவது வெறும் தவறு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டபோது, "இரண்டுக்கும் தலை உருண்டை, முதுகில் துடுப்பு இல்லை, டீச்சர்" என்றாள். முறையீட்டுக் கடிதத்தை எழுதுவதற்கு முன் இத்துறை அறிந்தவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

2. சொல்லாய்வன்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் பிரிக்பீல்ட்ஸில் பாடநூல் மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் செய்து பிழைப்பவன். உயிரியல் படித்தவன் அல்லன். இருப்பினும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பெயரிலேயே திமிங்கலம் என்று இருக்கும் ஒரு விலங்கைத் திமிங்கலக் கட்டத்தில் சேர்ப்பதைப் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கான போட்டியில் தவறென்று சொல்ல முடியாது. அறிவியலார் பிற்பாடு எந்தக் குடும்பத்தில் வைத்தார்கள் என்பது வேறு செய்தி. முறையீடு செய்தால் நடுவர்கள் பெயரைத்தான் சுட்டிக்காட்டுவார்கள்.

3. முகா ஹெட் மாணவி

பெயரை வைத்துக் கட்டம் பிரிப்பதானால் நீர்யானையை யானையோடு கட்ட வேண்டியிருக்கும், ஐயா. நான் பினாங்கில் கடல் உயிரியல் முதுகலை படிக்கிறேன். தெலுக் பஹாங்கிலிருந்து படகில் முகா ஹெட் ஆய்வு நிலையத்துக்குச் சென்று வருவது என் வாரத்தில் பாதியைத் தின்றுவிடுகிறது. கேள்வியில்தான் கோளாறு இருக்கிறது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

திமிங்கலம், ஓங்கில், கடற்பன்றி என்னும் மூன்றையும் மூன்று தனிக் கிளைகள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் இந்த விலங்குக் கூட்டத்தில், அதாவது செட்டேசியாவில், இன்று உயிரோடு இருப்பவை இரண்டே பெருங்கிளைகள்தாம். ஒன்று, வாயில் பல்லுக்குப் பதிலாக பலீன் தகடுகள் தொங்கும் கிளை. நகத்துக்கும் முடிக்கும் உரிய அதே கெரட்டின் பொருளால் ஆன அந்தத் தகடுகளைச் சல்லடையாக்கிக் கடல்நீரை வடித்து இரையை உண்பவை இவை. நீலத் திமிங்கலமும் கூன்முதுகுத் திமிங்கலமும் இதில் அடங்கும். மற்றொன்று பல்லுள்ள கிளை. ஏறத்தாழ தொண்ணூற்றுச் சொச்சம் இனங்களில் பதினைந்து போல முதற்கிளையிலும், மிச்சம் அனைத்தும் இரண்டாம் கிளையிலும் உள்ளன. மூச்சுத்துளையைப் பார்த்தே இவற்றைப் பிரிக்கலாம்: பலீன் கிளைக்கு இரண்டு துளைகள், பல்லுள்ள கிளைக்கு ஒன்று.

ஓங்கில்களும் கடற்பன்றிகளும் இந்தப் பல்லுள்ள கிளையின் நுனியில் இருக்கும் இரண்டு குடும்பங்கள். ஆனால் அதே பல்லுள்ள கிளையில்தான் ஸ்பெர்ம் திமிங்கலமும் இருக்கிறது. ஸ்பெர்ம் திமிங்கலத்துக்கு நெருங்கிய உறவு நீலத் திமிங்கலமா, நம் கடலில் குதிக்கும் ஓங்கிலா என்று கேட்டால், ஓங்கில்தான். அப்படியிருக்க, ஸ்பெர்ம் திமிங்கலத்தையும் நீலத் திமிங்கலத்தையும் ஒரு கட்டத்தில் அடைத்துவிட்டு ஓங்கிலை வெளியே நிறுத்துவது, பெரியப்பா மகனையும் ஊர்க்காரர் ஒருவரையும் ஒரே குடும்பம் என்று எழுதிவிட்டு உடன்பிறந்தானை விருந்தாளி என்று எழுதுவதற்கு ஒப்பாகும். திமிங்கலம் என்ற கட்டம் ஒரு கிளையே அல்ல. ஓங்கில், கடற்பன்றி என்று பெயர் சூட்டிய பிறகு மிஞ்சியவற்றைக் கொட்டிவைத்த கூடை.

கொலைத் திமிங்கலத்தைப் பொறுத்தவரை ஐயத்துக்கே இடமில்லை. அது ஓங்கில் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்திலேயே மிகப் பெரியது. ஆண் விலங்கு 9 மீட்டர் வரை வளரும். உருவத்தில் பெரியது திமிங்கலம், சிறியது ஓங்கில் என்ற வழக்கமான விளக்கமும் நிற்காது, ஏனெனில் குள்ள ஸ்பெர்ம் திமிங்கலம் 2.7 மீட்டருக்கு மேல் வளர்வதில்லை. ஆகவே அந்தச் சிறுமியின் விடை சரி. முறையீடு செய்யுங்கள், அம்மா.

4. கரையோரன்

மாணவி சொன்னது சரியே. நான் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பினாங்குக் கடலில் தூண்டில் போடுகிறவன்; புத்தகப் படிப்பு குறைவு. ஆயினும் பிள்ளைகளுக்கு ஓர்க்கா என்னும் கொலைத் திமிங்கலத்தையும் பெலுகாவையும் படத்தில் காட்டுவதைவிட நம் வாசலிலேயே இருக்கும் மூன்றையும் காட்டியிருக்கலாம் என்பது என் வருத்தம்.

பினாங்கைச் சுற்றியும், வடக்கே லங்காவியிலும், தெற்கே பேராக்கின் மாத்தாங் அலையாத்திக் காட்டை ஒட்டிய கடலிலும் மூன்று இனங்கள் உண்டு. முதலாவது கூன்முதுகு ஓங்கில். பெயரில் கூன் இருந்தாலும் நம் கடலில் உள்ளதற்குத் திமில் கிடையாது; முதுகின் நடுவே அகன்ற அடியுடைய முக்கோணத் துடுப்பு மட்டும் இருக்கும். குட்டி சாம்பல் நிறமாய்ப் பிறந்து, வளர வளர வெளுத்து இளஞ்சிவப்பாகும். முதன்முறை பார்ப்பவர்கள் நோய் கண்ட விலங்கு என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டாவது ஐராவதி ஓங்கில். அலகு கிடையாது, தலை உருண்டை, முதுகில் சற்றுப் பின்தள்ளி நகத்துண்டு போல ஒரு துடுப்பு. மூன்றாவது கடற்பன்றி, முதுகில் துடுப்பே இல்லாதது. படகின் ஓசை கேட்டதும் விலகிவிடும். சைக்கிள் டயர் ஒன்று நீருக்குள் சுழல்வது போல முதுகு ஒருமுறை உருண்டு மறையும், அவ்வளவுதான். குதிப்பதில்லை, ஆடுவதில்லை. என்னோடு கடலுக்கு வரும் இளைஞர்கள் பலர் அதைப் பார்த்துவிட்டும் பார்த்ததாகச் சொல்ல மாட்டார்கள்.

5. சொல்லாய்வன்

மாணவியின் உறவுமுறை உவமையை ஏற்கிறேன். ஆனால் என் பக்கத்தில் ஒரு வாதம் மிச்சமிருக்கிறது.

சொற்கள் வகைப்பாட்டுக்காகப் பிறந்தவை அல்ல. திமி என்பது வடமொழியில் ஒரு பெருமீன்; அதை விழுங்குவது திமிங்கிலம்; அதையும் விழுங்குவது திமிங்கிலகிலம். ஒன்றை ஒன்று விழுங்கும் அளவுகோலில் பிறந்த சொல்லைத்தான் நாம் திமிங்கலம் என்று வழங்குகிறோம். அதற்குப் பல்லும் தெரியாது, பலீனும் தெரியாது; பெரிய உருவம் ஒன்றுதான் அதன் பொருள். அந்தச் சொல்லின்படி 9 மீட்டர் விலங்கு திமிங்கலமே. ஓங்கில் கடலோர மக்களின் சொல். ஓங்கல் என்றும் சொல்வார்கள். ஓங்கி எழுவதால் வந்த பெயர் என்று கொள்ளத் தோன்றினாலும் நான் அதற்குச் சத்தியம் செய்ய மாட்டேன்.

கடற்பன்றி என்ற சொல் வகுப்பில் சிரிப்பை உண்டாக்கும் என்பதையும் ஆசிரியை அறிவார். ஆனால் அந்தச் சிரிப்பில் நாம் தனித்தில்லை. ஆங்கிலத்தில் போர்பாய்ஸ் என்பதன் வேரில் இலத்தீன் மொழியின் பன்றியும் மீனும் இருக்கின்றன. ஜார்ஜ் டவுனில் நம் பக்கத்து வீட்டுச் சீனர் ஓங்கிலையே ஹாய்துன் என்பார். ஹாய் என்றால் கடல், துன் என்றால் பன்றி. ஆக, தமிழர் ஒன்றையும் சீனர் வேறொன்றையும் கடலின் பன்றி என்று அழைக்கிறோம். மலாய்க்காரர்களின் லும்பா-லும்பா மட்டும்தான் பன்றியை விட்டுவிட்டு ஓட்டப்பந்தயத்தைப் பிடித்தது. இத்தனை பெயர்களையும் ஓர் ஆய்வகத்தின் கிளைப்படத்துக்குள் திணிக்க முயல்வது மொழிக்குச் செய்யும் அநியாயம்.

6. மணப்பாட்டுக்காரர்

நான் செந்தூலில் இருக்கிறேன். என் தாத்தா தமிழ்நாட்டில் தூத்துக்குடிப் பக்கத்து மணப்பாட்டிலிருந்து வந்தவர். இந்த விவாதத்தைப் படித்ததும் எங்கள் கரையில் நடந்தது நினைவுக்கு வந்தது. 1973 ஜனவரியில் மணப்பாட்டை ஒட்டிய கடற்கரையில் 147 விலங்குகள் ஒரே கூட்டமாய்க் கரையேறின. நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2016 ஜனவரியில், அதே பகுதியில் எண்பதுக்கும் மேற்பட்டவை மீண்டும் கரையேறின. மீனவர்கள் படகுகளில் கட்டி இழுத்துக் கடலில் விட்டவற்றுள் சில திரும்பவும் கரைக்கே வந்ததாக உறவினர்கள் தொலைபேசியில் சொன்னார்கள். செய்திகள் அனைத்தும் திமிங்கலம் என்றே எழுதின. அவை திமிங்கலமா, ஓங்கிலா?

7. முகா ஹெட் மாணவி

இரண்டு முறையும் கரையேறியவை குறுந்துடுப்புப் பைலட் திமிங்கலங்கள். அவை கொலைத் திமிங்கலத்தைப் போலவே ஓங்கில் குடும்பத்தைச் சேர்ந்தவை. தாய்வழி உறவுகளோடு ஆயுள் முழுதும் கூட்டமாய் வாழும் இயல்புடையவை என்பதால், ஒன்று தடுமாறினால் மற்றவை விட்டுவிட்டுப் போவதில்லை. கடலில் இழுத்து விட்டவை திரும்பி வந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. பெயர் வேறு, உறவு வேறு என்பதற்கு உங்கள் ஊர்க் கரையைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

சொல்லாய்வன் ஐயாவுக்கு: பேச்சுவழக்கில் திமிங்கலம் என்று சொல்வதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் பேச்சுவழக்கின் சொல்லை எடுத்து அறிவியல் போட்டியில் கட்டம் வரைந்து, அறிவியலை அறிந்து எழுதிய பிள்ளைக்குப் புள்ளியைக் குறைத்தால், அநியாயம் மொழிக்கா, பிள்ளைக்கா?

8. பெட்டாலிங் வழக்குரைஞர்

இங்கே மொழியும் உயிரியலும் மோதிக்கொள்கின்றன. சட்டத்தையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் சுவையாக இருக்கும். மலேசியாவின் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம், மீன் என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் ஓடுடைய நண்டு இறால்களையும் சிப்பிகளையும் மட்டுமன்றி நீர்வாழ் பாலூட்டிகளையும் சேர்த்துக்கொள்கிறது. நீர்நாயையும் ஆமையையும் மட்டும் வெளியே விடுகிறது. அதன் கீழ் 1999இல் வந்த விதிகளின் தலைப்பே அருகிவரும் மீன் இனங்களைக் கட்டுப்படுத்துதல் என்பதாகும். திமிங்கலங்களும் ஓங்கில்களும் கடற்பசுவும் அந்தப் பட்டியலில்தான் பாதுகாப்புப் பெறுகின்றன. இந்தச் சட்டத்தின் கீழ் ஓங்கிலைப் பிடித்தவர் மீது வழக்குத் தொடர வேண்டுமானால், அது மீன் என்ற அடிப்படையிலேயே தொடர வேண்டியிருக்கும்.

இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் 1818இல் நியூயார்க்கில் நடந்த மாரிஸ் எதிர் ஜட் வழக்கையும் அறிய வேண்டும். மீன் எண்ணெய்ப் பீப்பாய்களைச் சோதித்து முத்திரையிட வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு என்பது அங்கிருந்த சட்டம். சாமுவேல் ஜட் என்ற வணிகர், தம்மிடம் இருப்பது திமிங்கல எண்ணெய், திமிங்கலம் மீன் அன்று, ஆகவே கட்ட மாட்டேன் என்றார். சாமுவேல் மிட்சில் என்னும் இயற்கை அறிஞர் சாட்சிக் கூண்டில் ஏறி, திமிங்கலத்துக்கு நுரையீரலும் வெப்ப இரத்தமும் உண்டு, அது குட்டிக்குப் பால் கொடுக்கிறது என்று விளக்கினார். நடுவர் குழு சிறிது நேரமே கலந்துபேசிவிட்டுத் திமிங்கலம் மீனே என்று தீர்ப்பளித்தது. உயிரின வகைப்பாட்டுக்கு அடித்தளமிட்ட லின்னேயஸ் 1758இல் தம் நூலின் பத்தாம் பதிப்பில் திமிங்கலங்களைப் பாலூட்டிகளிடம் சேர்த்து அறுபது ஆண்டுகள் ஆன பிறகு நடந்தது இது. சட்டத்துக்கு அதன் நோக்கம் முக்கியம், உறவுமுறை முக்கியமன்று. உங்கள் புதிர்ப்போட்டியின் நோக்கம் அறிவியல் என்று அழைப்பிதழில் எழுதியிருந்தால், முறையீட்டில் அந்த ஒரு வரியை முதலில் எடுத்துக் காட்டுங்கள். வழக்குரைஞனாக என் ஆலோசனை அதுவே, கட்டணம் இல்லை.

9. கரையோரன்

அந்த நியூயார்க் நடுவர் குழுவில் எங்கள் கடைவீதி மீன்காரர் இருந்திருந்தால் அவரும் அதே தீர்ப்பைத்தான் சொல்லியிருப்பார். கணவாயையும் அவர் மீன் என்றுதான் விற்கிறார்.

10. பட்டர்வொர்த் ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. வழக்குரைஞர் ஐயாவின் ஆலோசனைப்படி அழைப்பிதழைத் தேடி எடுத்தேன். அறிவியல் புதிர்ப்போட்டி என்றே அச்சிடப்பட்டிருக்கிறது. கடிதத்தின் முதல் வரி அதுவாகவே இருக்கும்.

இதற்கிடையே நேற்று வகுப்பில் இந்தப் பேச்சு எழுந்தபோது பிள்ளைகள் என்னை மடக்கிவிட்டார்கள். திமிங்கலமும் ஓங்கிலும் பாலூட்டி என்றால், அவை எந்தப் பாலூட்டியிடமிருந்து வந்தன, அது எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். நான் நீர்யானைக்கு உறவு என்று எங்கோ படித்ததைச் சொன்னேன். "உருவம் ஒத்திருப்பதாலா?" என்று கேட்டாள் அதே மாணவி. என்னிடம் பதில் இல்லை.

11. முகா ஹெட் மாணவி

உருவத்தை வைத்துச் சொன்னதல்ல என்பதே இந்தக் கதையின் சிறப்பு. இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி என்பதால் நீளமாக எழுதுவதைப் பொறுத்தருளுங்கள்.

அரிஸ்டாட்டிலே இவை மூச்சுவிடுவதையும் குட்டிக்குப் பாலூட்டுவதையும் கவனித்து மீன்களிலிருந்து வேறாகப் பிரித்தார். வால் அசைவையும் பாருங்கள்: மீன் வாலைப் பக்கவாட்டில் அசைக்கும், ஓங்கில் மேலும் கீழும் அசைக்கும். அது நாலுகால் பாய்ச்சலில் ஓடும் பாலூட்டியின் முதுகெலும்பு வளையும் திசை. பலீன் திமிங்கலத்தின் கருவில் பல் முளைகள் தோன்றிப் பிறப்பதற்கு முன்பே கரைந்துவிடும். முன்னோருக்குப் பல் இருந்த சுவடு அது.

எந்தப் பாலூட்டி என்ற கேள்விக்கு நீண்டகாலம் இரண்டு விடைகள் மோதின. பழைய எலும்பு வல்லுநர்கள் பலர், அழிந்துபோன மெசோனிக்கிட் என்ற ஊனுண்ணிகளைப் பற்களின் ஒற்றுமையை வைத்து முன்னோர் என்றார்கள். 1990களில் மரபணு ஆய்வாளர்கள், குறிப்பாக ஜப்பானில் நொரிஹிரோ ஒகாதாவின் குழுவினர், மரபணுவில் தற்செயலாக வந்து பதிந்து பிறகு அகலாத துண்டுகளை ஒப்பிட்டார்கள். ஒரே இடத்தில் ஒரே துண்டு இரண்டு விலங்குகளில் இருந்தால், அது பொது மூதாதையிடமிருந்து வந்ததாகத்தான் இருக்கும். அப்படிப் பார்த்தபோது திமிங்கலங்கள் மாடு, மான், பன்றி அடங்கிய இரட்டைப்படைக் குளம்பிகளுக்குள்ளேயே விழுந்தன. மிக நெருங்கிய உறவு நீர்யானை. எலும்புக்காரர்கள் எளிதில் இணங்கவில்லை. இரட்டைப்படைக் குளம்பிகளின் கணுக்காலில் ஓர் எலும்பு உண்டு. அதன் இரு முனைகளும் கிணற்று உருளை போலிருக்கும். திமிங்கல முன்னோரின் அந்த எலும்பைக் காட்டு, பிறகு நம்புகிறோம் என்றார்கள். 2001இல் பாகிஸ்தானில் கிடைத்த புதைபடிவங்களில் அந்த எலும்பு, இரட்டை உருளையோடு, அப்படியே இருந்தது. இரண்டு தனிக் குழுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அதை வெளியிட்டன. அவற்றுள் ஒன்றை நடத்திய பிலிப் ஜிஞ்சரிச் அதுவரை மெசோனிக்கிட் பக்கம் நின்றவர்.

இன்னொரு செய்தியைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். காஷ்மீரில் ரங்கா ராவ் என்ற இந்தியப் புவியியலாளர் சேகரித்து வைத்திருந்த பாறைகள், அவர் மறைந்தபின் அவர் மனைவியின் வழியாக ஹான்ஸ் தெவிசன் என்ற ஆய்வாளரிடம் சேர்ந்தன. ஆய்வகத்தில் பாறையைச் சுத்தம் செய்தபோது ஒரு மண்டையோடு தவறுதலாக உடைந்தது. உடைந்த இடத்தில் தெரிந்த காது எலும்பின் உட்சுவர் தடித்திருந்தது. அப்படித் தடித்திருப்பது திமிங்கலக் கூட்டத்துக்கே உரிய அடையாளம். இண்டோஹையஸ் என்ற அந்த விலங்கு பூனையளவே இருக்கும், கால்களில் குளம்பு, பார்வைக்குச் சருகுமான் போன்றது. 2007இல் வெளியான அந்த ஆய்வு, திமிங்கலத்தின் உறவை ஏறத்தாழ 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் காஷ்மீரத்து ஓடைக்கரையில் கொண்டுபோய் நிறுத்தியது. எனவே நீர்யானை முன்னோர் அன்று. பொது மூதாதையிடமிருந்து பிரிந்த பங்காளி. உருவ ஒற்றுமை எதுவும் இங்கே வேலை செய்யவில்லை.

மரபணு எப்போதும் முதல் முறையிலேயே சரியாகச் சொல்லிவிடும் என்றும் எண்ணிவிடாதீர்கள். 1993இல் வந்த ஒரு மரபணு ஆய்வு ஸ்பெர்ம் திமிங்கலத்தைப் பலீன் கிளையோடு சேர்த்தது. மேலும் தரவுகள் வந்ததும் அது தள்ளப்பட்டது. அது மட்டும் நிலைத்திருந்தால், உங்கள் புதிர்ப்போட்டியின் திமிங்கலக் கட்டத்துக்கு ஓரளவு ஆதரவு கிடைத்திருக்கும்.

12. மணப்பாட்டுக்காரர்

கடற்பசுவை எங்கே வைப்பது? எங்கள் பக்கத்தில் ஆவுளியா என்பார்கள்.

13. முகா ஹெட் மாணவி

அது இந்தக் கூட்டமே இல்லை, அண்ணா. கடற்புல் மேயும் அதன் நெருங்கிய உறவு யானை. கடலுக்குள் தனியாக வந்து தனியாகத் துடுப்பு வளர்த்தது.

இனி ஆசிரியையின் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். பெலுகாவைக் கடற்பன்றியோடு சேர்த்தது வெறும் தவறு என்று எழுதியிருந்தீர்கள். ஓங்கில்களுக்கும் கடற்பன்றிகளுக்கும் இடையே வேறுபாடு காட்டும் பாடநூல்கள் முகத்தையும் பல்லையும் சொல்லும்: ஓங்கிலின் பல் கூம்பு, கடற்பன்றியின் பல் தட்டையான மண்வெட்டி, ஓங்கிலுக்குப் பெரும்பாலும் அலகு நீளும், கடற்பன்றிக்கு மொட்டை முகம். இவற்றைப் படித்தவர்கள் ஓங்கிலும் கடற்பன்றியும் உடன்பிறப்புகள், பெலுகா தூரத்துத் திமிங்கலம் என்று எண்ணுவார்கள். மரபணு வேறு விதமாகச் சொல்கிறது. கடற்பன்றிக் குடும்பத்துக்கு மிக நெருங்கியது ஓங்கில் குடும்பம் அல்ல. பெலுகாவும், நீண்ட தந்தமுள்ள நார்வாலும் அடங்கிய குடும்பம். பத்து விலங்குகளுக்குள் கடற்பன்றிக்குப் பக்கத்தில் எதை வைப்பது என்று கேட்டிருந்தால், அந்தச் சிறுமியின் விடைதான் மிகச் சரியானது.

ஆனால் அவள் சொன்ன காரணம் ஆபத்தானது என்பதையும் சொல்ல வேண்டும். உருண்டைத் தலையும் துடுப்பில்லா முதுகும் உறவுக்குச் சான்றாகிவிடா. கரையோரன் ஐயா சொன்ன ஐராவதி ஓங்கிலைப் பாருங்கள். 1852இல் விசாகப்பட்டினத் துறைமுகத்தில் கிடைத்த ஒன்றை வைத்து 1866இல் ரிச்சர்ட் ஓவன் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். அதன் உருண்டைத் தலை பெலுகாவை அப்படியே நினைவூட்டும். அதை நம்பி அதனைப் பெலுகாவின் குடும்பத்தில் வைத்தவர்களும் இருந்தார்கள். அது ஓங்கில் குடும்பத்தின் உறுப்பினர் என்பது இன்று ஐயமற்றது. ஒரே உருவக் குறிப்பு கடற்பன்றியில் உண்மையாகவும் ஐராவதியில் பொய்யாகவும் அமைந்துவிட்டது. இரண்டும் ஒரே பினாங்குக் கடலில் நீந்துகின்றன.

ஆற்று ஓங்கில் என்ற பெயரும் இப்படிப்பட்ட பொறிதான். கங்கையிலும் அமேசானிலும் உள்ளவை நீண்ட அலகும் சிறு கண்ணும் கொண்டு ஒன்றுபோல் தோன்றினாலும் ஒரே குடும்பம் அல்ல. கலங்கிய ஆறு இரண்டு வெவ்வேறு வழித்தோன்றல்களைத் தனித்தனியே ஒரே அச்சில் வார்த்திருக்கிறது. கங்கை ஓங்கில் என்றும் சிந்து ஓங்கில் என்றும் ஒரே இனத்தின் இரு பிரிவுகளாக வைக்கப்பட்டிருந்தவற்றை 2021இல் இரண்டு தனி இனங்களாகப் பிரித்தார்கள். நம் கூன்முதுகு ஓங்கிலும் 2014இல் நான்கு இனங்களாகப் பிரிந்த பேரினத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டுக் கரையில் உள்ளதும் பினாங்கில் உள்ளதும் ஒன்றே என்று முன்பு எழுதிய நூல்கள் இப்போது திருத்தப்பட வேண்டியவை.

14. சொல்லாய்வன்

தோற்றுவிட்டதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் என் நிலையைத் திருத்திக்கொள்கிறேன். திமிங்கலம் என்ற சொல்லை அளவுப் பெயராகப் பேச்சில் விட்டுவிடலாம். பாடநூலில், கூட்டம் முழுவதையும் குறிக்கத் திமிங்கல வரிசை என்றும், அதனுள் பலீன் திமிங்கலங்கள், பல் திமிங்கலங்கள் என்றும் எழுதி, ஓங்கிலையும் கடற்பன்றியையும் பல் திமிங்கலங்களின் உட்குடும்பங்களாகக் காட்டினால் குழப்பம் குறையும். கொலைத் திமிங்கலத்தை ஓர்க்கா என்று எழுதுவதையும் ஏற்கிறேன், அரைமனத்தோடு. வரிசை என்ற சொல்லுக்கு மாணவி ஆட்சேபம் சொல்லக்கூடும்.

15. முகா ஹெட் மாணவி

சிறிய ஆட்சேபம் உண்டு. இன்று அவை இரட்டைப்படைக் குளம்பிகளின் வரிசைக்குள் அடங்குவதால் தனி வரிசை என்று சொல்வதைப் பலர் தவிர்க்கிறார்கள். திமிங்கலக் கூட்டம் என்று எழுதினால் எனக்குப் போதும்.

16. பட்டர்வொர்த் ஆசிரியை

முறையீட்டுக்கு இன்று பதில் வந்தது. ஓர்க்காவுக்குரிய புள்ளியைத் திருப்பித் தந்திருக்கிறார்கள். பெலுகாவுக்குத் தரவில்லை, அது கடற்பன்றிக்கு உறவாக இருக்கலாம், ஆனால் கடற்பன்றி அல்லவே என்று எழுதியிருக்கிறார்கள். நியாயமான பதில். ஒரு புள்ளி வித்தியாசத்தில் அவள் இரண்டாம் இடத்திலேயே இருக்கிறாள். சொன்னபோது, "அப்படியென்றால் ஸ்பெர்ம் திமிங்கலத்தையும் நீலத் திமிங்கலத்தையும் ஒரே கட்டத்தில் போட்ட எல்லோருக்கும் புள்ளி குறைப்பார்களா?" என்று கேட்டாள். அதை முறையீட்டில் சேர்க்காமல் விட்டது என் குறை.

அடுத்த ஆண்டு கேள்வி தயாரிப்பவர்களில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். கட்டங்களை நீக்கிவிட்டு, கிளைகள் மட்டும் வரைந்த ஒரு மரத்தைத் தரலாம் என்று எண்ணுகிறேன். நுனிகளில் நீலத் திமிங்கலம், ஸ்பெர்ம் திமிங்கலம், பெலுகா, நம்மூர்க் கடற்பன்றி, ஐராவதி ஓங்கில், ஓர்க்கா ஆகிய ஆறையும் பிள்ளைகள் எழுத வேண்டும். கரையோரன் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள்: முதுகு உருண்டு மறையும் அந்தக் கடற்பன்றியின் படம் தங்களிடம் இருந்தால் தாருங்கள்.

17. கரையோரன்

படம் இருக்கிறது, அம்மா. நீர்வட்டம் மட்டும்தான் தெரியும். அடுத்த மாதம் மறுபடி முயல்கிறேன்.